மாட்டைப் பிடித்தால் எங்கே, நாயை மீட்டால் யாரிடம்: தமிழ்நாட்டில் விலங்குப் பறிமுதல், பவுண்டு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்பு தெரிய நிற்கும் குதிரை, வெயிலில் கட்டிக் கிடக்கும் நாய், பேருந்து நிலையத்தில் விட்டுப்போன காளைக்கன்று. இப்படி ஒன்றைப் பார்த்தவுடன் நமக்கு வரும் முதல் கேள்வி, "இதை யார் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்?" என்பதுதான். விலங்குநல வேலையில் தன்னார்வலனாக அலைந்த ஆண்டுகளில் மக்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்து எழுதியது.

மாநகராட்சி மாட்டைப் பிடிப்பதும் போலீஸ் பறிமுதல் செய்வதும் ஒன்றுதானா?

இல்லை. இந்த ஒரு குழப்பத்தினாலேயே பாதிப் புகார்கள் வீணாகின்றன.

உள்ளாட்சி அமைப்பு பிடிப்பது, பொது இடத்தில் அவிழ்த்துவிடப்பட்டுத் திரியும் விலங்கை. போக்குவரத்துக்கு இடைஞ்சல், ஆளை முட்டுகிறது, பயிரை மேய்கிறது என்பதுதான் அங்கே காரணம். பிடித்த மாட்டைத் தொழுவத்தில் அடைப்பார்கள். கிராமத்தில் அதைப் பவுண்டு என்பார்கள், பட்டி என்றும் சொல்வார்கள். அபராதம் கட்டினால் மாடு வீட்டுக்கு வந்துவிடும்.

கொடுமைக்காகப் பறிமுதல் செய்வது வேறு. அது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அந்த அதிகாரம் காவல்துறைக்கும், மாநில அரசு அதற்கென அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான் உண்டு. விலங்கு தெருவில் இருக்கிறதா, வீட்டுக்குள் இருக்கிறதா என்பது இங்கே பொருட்டே அல்ல. அது வதைபடுகிறதா என்பதுதான் கேள்வி. அபராதம் கட்டிவிட்டு உடனே ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. நடுவர் நீதிமன்றம் சொல்ல வேண்டும்.

ஆகவே, பட்டினி போடப்பட்ட நாயைப் பற்றி மாநகராட்சிக்குப் போன் செய்தால் "எங்கள் வேலை இல்லை" என்று பதில் வரும். சாலை நடுவே படுத்திருக்கும் மாட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொன்னால் அவர்கள் மாநகராட்சியைக் கைகாட்டுவார்கள். இரண்டு பதிலும் சரிதான். நாம் தட்டிய கதவுதான் தவறு.

அடித்தால்தான் கொடுமையா?

அடிப்பதும் உதைப்பதும் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் வரி மட்டுமே. அதே பிரிவு இன்னும் பலவற்றைக் குற்றமாகச் சொல்கிறது. தேவையான தீனியும் தண்ணீரும் நிழலும் தராமல் இருப்பது குற்றம். அசைய இடமில்லாத கூண்டில் வைப்பது, மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவே விடாமல் இருப்பது, புண்ணோடு இருக்கும் மாட்டை வண்டியில் பூட்டுவது எல்லாம் குற்றம்.

பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிட்டுப் போவதும் அதே பிரிவில்தான் வருகிறது. வீடு மாற்றும்போது நாயை வெளியே விட்டுப் பூட்டிச் செல்கிறவர்களும், பால் தராது என்பதால் ஆண் கன்றை இரவோடு இரவாகச் சந்தையோரம் இறக்கிவிடுகிறவர்களும் சட்டப்படி கொடுமை செய்தவர்களே. "நான் அடிக்கவே இல்லையே" என்பது பதிலாகாது.

இந்தச் சட்டத்துக்கும் சென்னைக்கும் நெருங்கிய உறவு உண்டு. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் இதற்கு வித்து. அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்த பிறகு அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. வாரியம் பல ஆண்டுகள் சென்னையில்தான் இயங்கியது.

பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் ஒரு நாய் நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கிறது. தண்ணீர்ச் சட்டிகூட இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

நிலைமை உயிருக்கு ஆபத்தாக இல்லையென்றால் முதலில் ஒருமுறை பேசிப் பாருங்கள். பலருக்கு இது குற்றம் என்றே தெரியாது. நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் பேச்சிலேயே சரியாகிவிட்டன. ஒரு தகரக் கூரை, நீளமான கயிறு, காலையும் மாலையும் ஒரு நடை, அவ்வளவுதான் தேவைப்பட்டது.

பேசியும் மாறவில்லை, அல்லது பேசவே முடியாத ஆள் என்றால் புகாருக்குச் சான்று சேர்க்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ, தேதியும் நேரமும் தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள். ஒரே நாளில் பத்துப் படம் எடுப்பதைவிட, நான்கு நாள் மதியம் 2 மணிக்கு ஒவ்வொரு படம் எடுப்பது பலமானது. "எப்போதும் இப்படித்தான்" என்பதை அதுதான் காட்டும். அவர்கள் வீட்டு மாடியில் ஏறிவிடாதீர்கள். அத்துமீறி நுழைந்தார் என்று புகார் உங்கள் மேலேயே திரும்பும்.

அப்புறம் உங்கள் எல்லைக்கு உட்பட்ட காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். மாவட்டத்தில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது. 2001ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் அது இருக்க வேண்டும். புகாரின் நகலை அதற்கும் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்பி வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர 3 மாதம்தான் கெடு. 36ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டுக் கெடு தாண்டிய புகார்கள் பல.

"இது நான்-காக்னிசபிள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மையா?

பாதி உண்மை. 11ஆம் பிரிவில் உள்ள பெரும்பாலான குற்றங்கள் நான்-காக்னிசபிள், அதாவது அவற்றில் நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை தொடங்க முடியாது. கொடூரமாகக் கொல்வது, உறுப்பைச் சிதைப்பது, சேவல் சண்டை போன்ற சண்டைகள் நடத்துவது, கூடுதல் பால் சுரக்க வைக்கப் பசுவுக்கு உடல்நலம் கெடுக்கும் ஊசி போடுவது போன்ற சிலவற்றுக்கு மட்டுமே நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம்.

ஆனால் விலங்கைக் கைப்பற்றுவதற்கு அந்தத் தடை இல்லை. 34ஆம் பிரிவைப் படியுங்கள். காவலருக்கு மேல் நிலையில் உள்ள எந்தக் காவல் அதிகாரியும், அதாவது தலைமைக் காவலரிலிருந்தே, ஒரு விலங்கு மீது இந்தச் சட்டத்துக்கு எதிரான குற்றம் நடந்திருக்கிறது அல்லது நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் அதைக் கைப்பற்றலாம். கைப்பற்றி அருகிலுள்ள நடுவர் முன்போ கால்நடை மருத்துவர் முன்போ பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். எந்தக் குற்றம் காக்னிசபிள், எது இல்லை என்ற பாகுபாடே அந்தப் பிரிவில் கிடையாது.

எனக்கே இது நடந்தது. ஒரு காவல் நிலையத்தில் இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாம் நாள் 34ஆம் பிரிவைத் தமிழில் எழுதிப் புகாரின் கடைசிப் பத்தியாகச் சேர்த்துக் கொடுத்தேன். அன்று மாலையே அந்தக் குதிரை கால்நடை மருத்துவமனைக்கு வந்துவிட்டது. அந்த இரண்டு நாளில் அதன் காலில் புழு வைத்துவிட்டது என்பதை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை. உங்கள் புகாரில் அந்தப் பிரிவை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

விலங்கைக் கொன்றிருந்தாலோ ஊனமாக்கியிருந்தாலோ இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவும் சேரும். 5 ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு, எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தாக வேண்டும். தெருநாய்க்கும் இது பொருந்தும்.

இவ்வளவு அலைவதற்குப் பதில் நாங்களே போய் நாயை அவிழ்த்துக் கொண்டுவந்துவிட்டால்?

ஆசை புரிகிறது. வேண்டாம். சட்டத்தின் பார்வையில் அந்த நாய் இன்னொருவரின் உடைமை. எடுத்துவந்தால் அது திருட்டுப் புகார். அதைவிட வருத்தமான விஷயம், அப்படி எடுத்துவந்த விலங்கு அதே வீட்டுக்கே சட்டப்படி திரும்பிப் போகும். மகஜர் (சாட்சிகளோடு எழுதும் கைப்பற்றல் குறிப்பு) இல்லை, மருத்துவர் சான்று இல்லை, கொடுமை நடந்ததற்குத் தாளில் எதுவுமே இல்லை என்றால் நீதிமன்றம் எதை வைத்துத் தடுக்கும்?

பறிமுதல் செய்த அன்றைக்கு என்னென்ன நடக்க வேண்டும்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த முதல் நாளில்தான்.

முதலில் மகஜர். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை விலங்கு, என்ன நிறம், கொம்பு எப்படி, என்ன அடையாளம், என்ன நிலையில் இருந்தது என்று சாட்சிகளோடு எழுத வேண்டும். "ஒரு மாடு, நலிந்த நிலையில்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் நாளைக்கு எந்த மாடு என்பதே கேள்வியாகும்.

அடுத்து கால்நடை மருத்துவர். வழக்குச் சொத்தாக உள்ள விலங்குகளின் பராமரிப்புக்கென 2017இல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. கைப்பற்றியவர் அந்தப் பகுதி கால்நடை மருத்துவரைக் கொண்டு உடல்நலம் பரிசோதித்து அடையாளம் இட வேண்டும் என்று அவை சொல்கின்றன. காதுவில்லை போடலாம், தோலுக்கு அடியில் அடையாளச் சிப் வைக்கலாம். சூடு போட்டு அடையாளம் இடக் கூடாது. மருத்துவர் சான்றில் எடை, உடல் மெலிவு, பழைய காயம் எது புதிய காயம் எது, நீர் வறட்சி உண்டா என்று எழுதிக் கேளுங்கள். "தீனி போடவில்லை" என்று நாம் சொல்வதற்கும், மருத்துவர் "பல வாரப் பட்டினியின் அறிகுறி" என்று எழுதுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மூன்றாவது, எங்கே வைப்பது. காவல் நிலைய வளாகத்தில் வேப்பமரத்தில் கட்டிவைப்பது தீர்வு அல்ல. அங்கே தீனிக்கு ஏது ஒதுக்கீடு? நடுவர் உத்தரவு பெற்று விலங்குநல அமைப்பு, கோசாலை, விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகம் ஆகியவற்றில் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். சென்னையில் புளூ கிராஸ் போன்ற பழைய அமைப்புகள் இருக்கின்றன. சிறு ஊர்களில் இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. அதனால் புகார் கொடுக்கும் முன்பே, "பிடித்தால் இங்கே வைக்கலாம்" என்று ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். காவல் அதிகாரி தயங்குவதற்குப் பெரும்பாலும் மனமில்லாமை காரணம் அல்ல. பிடித்த பிறகு எங்கே கொண்டுபோவது என்று தெரியாததுதான். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதிலோடு போனால் வேலை நடக்கும்.

தீனிச் செலவு, மருத்துவச் செலவு எல்லாம் யார் தலையில்?

உரிமையாளர் தலையில். வண்டிக் கூலி, பராமரிப்பு, சிகிச்சை எல்லாவற்றையும் அவர் கொடுக்க வேண்டும் என்று 35ஆம் பிரிவே சொல்கிறது. உண்மையிலேயே கொடுக்க முடியாத ஏழை என்றால் நடுவர் விலக்கு அளிக்கலாம். 2017 விதிகள் இன்னும் ஒரு படி போகின்றன. எவ்வளவு செலவாகும் என்று நடுவர் கணக்கிட்டு, அந்தத் தொகைக்கு 3 நாளுக்குள் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்வார். கொடுக்காவிட்டால் விலங்கு பராமரிக்கும் அமைப்புக்கே போய்விடும்.

காப்பகம் நடத்துகிறவர்கள் முதல் நாளிலிருந்தே வைக்கோல், தவிடு, மருந்து பில்களைத் தேதிவாரியாக எடுத்து வைக்க வேண்டும். பில் இல்லாத செலவு கைக்கு வராது.

அப்படியானால் உரிமையாளருக்குத் திரும்பவே கிடைக்காதா?

கிடைக்கலாம். விலங்கை நிரந்தரமாகப் பறிக்கும் அதிகாரம் 29ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது தண்டனைக்குப் பிறகுதான். அதிலும், திருப்பிக் கொடுத்தால் மறுபடி கொடுமைப்படுத்துவார் என்பதற்கு முந்தைய தண்டனை, நடத்தை, விலங்கை நடத்திய விதம் என்று ஏதாவது சான்று வேண்டும்.

வழக்கு நடக்கும் காலத்தில் யாரிடம் இருப்பது என்பதை நடுவர்தான் முடிவு செய்வார். குற்றத்தின் தன்மை, விலங்கு பட்ட காயம், அந்த ஆள் இதற்கு முன்பும் இப்படிச் செய்தவரா என்பதை எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோசாலை வழக்கில் சொன்னது. 2017 விதிகளின்படி தண்டனைக்கு முன்பே விலங்கு கைமாறுவது 29ஆம் பிரிவோடு முரண்படுகிறதே என்று 2021 ஜனவரியில் அதே நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. மாட்டு வியாபாரிகள் தொடுத்த வழக்கு அது.

விலங்குகள் பக்கம் நிற்கிறவன் என்றாலும் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இரண்டு மாட்டை வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு 3 நாளில் ஜாமீன்தாரரோடு பத்திரம் என்பது மலைப்பான காரியம். அப்படிப்பட்டவர்களுக்கு இலவசச் சட்ட உதவி மையத்தின் வழியைக் காட்டுவதும் நம் வேலைதான்.

சென்னையில் என் மாட்டை மாநகராட்சி வண்டி ஏற்றிப் போய்விட்டது. என்ன செய்வது?

பிடிபட்ட மாடுகளை அடைக்கும் மாநகராட்சித் தொழுவங்களில் பழையவை புதுப்பேட்டையிலும் பெரம்பூரிலும் உள்ளவை. உங்கள் மண்டல அலுவலகத்திலோ 1913 எண்ணிலோ கேட்டால் எந்தத் தொழுவம் என்று சொல்லிவிடுவார்கள். மாடு உங்களுடையது என்பதற்கான அடையாளத்தோடு உடனே போங்கள்.

அபராதம் சில ஆண்டுகளில் வேகமாக ஏறியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி முடிந்து தாயோடு நடந்துவந்த சிறுமியை மாடு முட்டிப் புரட்டிய காட்சி ஊரையே உலுக்கியது. அதன் பிறகு 2,000 ரூபாயாக இருந்த அபராதம் முதல் முறைக்கு 5,000, மறுமுறைக்கு 10,000 ஆனது. 2024 ஜூலையில் மாமன்றம் அதை 10,000, 15,000 என்று உயர்த்தியது. மாடு தொழுவத்தில் தங்கும் நாட்களுக்குப் பராமரிப்புச் செலவு தனி. எனவே நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பணம் கட்டினால் கையோடு ரசீது வாங்குங்கள். ரசீது தராமல் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாட்டைத் தெருவில் மேயவிடுகிறவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. மேய்ச்சல் நிலமும் ஏரிக்கரையும் கட்டடமாகிவிட்ட ஊரில் கொட்டகைக்கு இடம் இல்லை. ஆனாலும் குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக் தின்று வயிறு ஊதிச் சாகும் பசுவை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இடமில்லாத இடத்தில் மாடு வளர்க்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கிராமத்தில் பவுண்டு இன்னும் இருக்கிறதா? அங்கே எந்தச் சட்டம்?

பல ஊர்களில் சுவர் மட்டும்தான் மிச்சம். ஆனால் சட்டம் உயிரோடு இருக்கிறது. அது 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். அப்போது மாகாணத் தலைநகரங்களாக இருந்த சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றையும் விட்டுவிட்டு மற்ற ஊர்களுக்காக எழுதப்பட்டது அது.

அதன்படி, வயலில் இறங்கி மேயும் மாட்டை விவசாயி தானே பிடிக்கலாம். 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் சேர்க்க வேண்டும். தன் வீட்டுத் தொழுவத்தில் கட்டிவைத்து நஷ்டஈடு பேரம் பேசக் கூடாது. சாலை, வாய்க்கால், கரையைச் சேதம் செய்யும் மாட்டைப் போலீஸ் பிடிக்கலாம். பவுண்டுக்காரர் தீனியும் தண்ணீரும் கொடுத்தாக வேண்டும். அந்தச் சட்டத்தில் கால்நடை என்றால் மாடு, எருமை மட்டும் இல்லை. ஆடு, பன்றி, குதிரை, கழுதை, ஒட்டகம், ஏன் யானைகூட வரும். நாய் வராது. ஆகவே நாயைப் பிடித்துக்கொண்டு பவுண்டுக்குப் போய்ப் பயனில்லை.

7 நாளில் யாரும் கேட்டு வரவில்லையென்றால் பவுண்டுக்காரர் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே அறிவிப்பு ஒட்டுவார்கள். பக்கத்து ஊரிலும் சந்தையிலும் பறையறைந்து சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். தண்டோரா போடும் வழக்கத்தை 2022இல் தமிழ்நாடு அரசு நிறுத்தச் சொல்லிவிட்டதால் இப்போது ஒலிபெருக்கிதான் வழி. அறிவிப்புக்குப் பிறகும் 7 நாளில் ஆள் வராவிட்டால் பொது ஏலம். பவுண்டுக்காரரும் அந்தச் சட்டத்தின் கீழ் வேலை பார்க்கும் அதிகாரிகளும் அந்த ஏலத்தில் மாட்டை வாங்கக் கூடாது. இது மிக நல்ல விதி.

ஏலத்தில் போகும் மாடு அடிமாட்டுக்குத்தானே போகும்?

போகக்கூடும். ஏலம் கேட்பவர் எதற்காக வாங்குகிறார் என்று அந்தப் பழைய சட்டம் கேட்பதில்லை. இதைத் தடுக்க நினைப்பவர்கள் ஏலம் நடக்கும் வரை காத்திருக்காமல், அறிவிப்பு ஒட்டிய வாரத்திலேயே "நாங்கள் வைத்துப் பராமரிக்கத் தயார்" என்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு லாரியை மறிப்பதில் சட்டமும் இல்லை, பலனும் இல்லை.

யாரோ விட்டுப்போன வளர்ப்பு நாய் எங்கள் தெருவில் நிற்கிறது. அதைத் தெருநாய் என்று பிடித்துப்போவார்களா?

பிடிக்கக்கூடும், ஆனால் இரண்டும் வேறு. தெருநாய்களுக்கு 2023 மார்ச்சில் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் பொருந்தும். உள்ளாட்சி பிடித்துக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்கும்படி 2025 நவம்பர் 7இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நெடுஞ்சாலையில் திரியும் மாடுகளை அகற்றச் சொன்னதும் அதே உத்தரவில்தான்.

கைவிட்ட வளர்ப்பு நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. மற்ற நாய்கள் சேர்த்துக்கொள்ளாது. வண்டி வந்தால் ஒதுங்கத் தெரியாது. கழுத்துப் பட்டை அடையாளம், உண்ணி இல்லாத மேனி, ஆளைப் பார்த்தவுடன் கதவருகே போய் நிற்பது, இவற்றை வைத்தே தெரிந்துவிடும். பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் சிப் இருக்கிறதா என்று கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும். கைவிட்டதற்கான வழக்குக்கும் அதுவே சான்று. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் சிப்பும் கட்டாயமாக்கப்பட்டதை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மனமார வரவேற்கிறேன்.

லாரியில் மாடுகளை அடைத்துக்கொண்டு போகிறார்கள். மறிக்கலாமா?

மறிக்க வேண்டாம். வண்டி எண், நேரம், போகும் திசையை 100க்குச் சொல்லுங்கள். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளாவுக்குப் போகும் பாதையில் இருப்பவர்கள் இந்தக் காட்சியை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். மாடு ஏற்றிப்போவதே குற்றம் அல்ல. எப்படி ஏற்றுகிறார்கள் என்பதுதான் விஷயம். 1978ஆம் ஆண்டு விதிப்படி ஒரு சரக்கு வண்டியில் 6 மாட்டுக்கு மேல் கூடாது. மோட்டார் வாகன விதிகளின்படி மாட்டுக்கு 2 சதுர மீட்டர், ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் வேண்டும். பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் சான்று வேண்டும். வாலை முறுக்கி, கண்ணில் மிளகாய் வைத்து நிற்க வைத்திருந்தால் அது தெளிவான கொடுமை.

ஓட்டுநரை அடிக்கிற கூட்டத்தில் ஒருபோதும் சேராதீர்கள். அந்த அடியால் ஒரு மாடும் பிழைத்ததில்லை, வழக்குதான் கெடும்.

மாட்டுவண்டிக்கும் குதிரைக்கும் ஏதாவது நேரக்கணக்கு உண்டா?

உண்டு. 1965ஆம் ஆண்டு விதிகளின்படி பாரம் இழுக்கும் விலங்கை ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் இது எத்தனை நாள் பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள். முள் வைத்த தார்க்குச்சியும் கூடாது.

கூண்டுக்கிளி, நட்சத்திர ஆமை?

அவை காட்டுயிர். வனத்துறைக்குச் சொல்லுங்கள். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சாகக் கிடக்கும் விலங்கைக் கொன்றுவிடச் சட்டம் இடம் தருகிறதா?

தருகிறது, கடும் நிபந்தனையோடு. பிழைக்க வழியே இல்லை, உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்று கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும். மருத்துவர் வரும்வரை நிழலும் தண்ணீரும் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். அடிபட்ட விலங்குக்கு 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும். இடம் சொல்லும்போது அருகிலுள்ள கோயிலோ பள்ளியோ ஒன்றின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் முறைக் குற்றத்துக்கு வெறும் 10 முதல் 50 ரூபாய் அபராதம்தானே? இதற்காக ஏன் இவ்வளவு அலைய வேண்டும்?

அபராதத்தைப் பார்த்தால் நெஞ்சு எரியத்தான் செய்யும். 1960இல் எழுதிய தொகை இன்னும் மாறவில்லை. 3 ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை. இது மாறியே ஆக வேண்டும்.

ஆனால் நாம் அலைவது 50 ரூபாய்க்காக இல்லை. அந்த வழக்கு இருப்பதால்தான் விலங்கு அந்தக் கொட்டடியை விட்டு வெளியே வருகிறது, மருத்துவர் கையில் போகிறது, செலவை உரிமையாளர் கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் தண்டனை பதிவாகியிருந்தால் அடுத்த முறை 29ஆம் பிரிவில் விலங்கை நிரந்தரமாக மீட்பதற்கு அதுவே சான்றாகும்.

என் மாடு கட்டுத்தறியில் நின்றது. அவிழ்த்துக்கொண்டுபோய்ப் பவுண்டில் அடைத்துவிட்டார்கள். எனக்கு என்ன வழி?

கிராமப்புறம் என்றால் 1871ஆம் ஆண்டுச் சட்டமே வழி சொல்கிறது: பிடித்த நாளிலிருந்து 10 நாளுக்குள் நடுவரிடம் புகார் கொடுக்கலாம். அதுவரை மாட்டை உள்ளே விட்டுவைக்க வேண்டியதில்லை. கேட்கும் தொகையை, "இந்தப் பிடிப்பை ஏற்கவில்லை" என்று எழுதி வைப்பாகக் கட்டி மாட்டை ஓட்டிக்கொண்டு வரலாம். பலாத்காரமாகப் பவுண்டைத் திறந்து ஓட்டிவந்தால் மட்டும் 6 மாதம் வரை சிறைக்கு இடம் உண்டு. நகரம் என்றால் பிடித்த இடம், நேரம், ஏற்றிய வண்டி எண், சிசிடிவி பதிவு எல்லாவற்றையும் சேர்த்து ஆணையருக்கு எழுத்தில் கொடுத்து நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். மாடு பாலூட்டும் தாய் என்றால் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். கன்றையும் தொழுவத்துக்குக் கொண்டுபோய்ப் பால் குடிக்க விடச் சொல்லிக் கேளுங்கள்.